கொலன்னாவையில் ஓர் ஐரிஷ் இஞ்சின்

கொலன்னாவை எண்ணெய்க் குதத்துக்குத் தாங்கி வண்டிகள் போவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு டீசல் இஞ்சின்மேல் பிரியம் வராமல் இருக்குமா? கொழும்புத் திட்டத்தில் 1954இல் கனடாவிலிருந்து இலங்கையில் நமக்கு வந்த எம்2 வகை இஞ்சின், 1961இல் அயர்லாந்தில் ஓடத் தொடங்கிய 121 வகை இஞ்சின் இரண்டுக்கும் ஜெனரல் மோட்டார்ஸின் 567 வகை இயந்திரம்தான். அதனால்தான் நான் 121இன் மாதிரியைத் தேடி வாங்கினேன்.

1:76 அளவில் அது உள்ளங்கையில் அடங்குகிறது. கைப்பிடிக் கம்பிகள் தலைமயிர் பருமன். ஒற்றை ஓட்டுநர் அறையின் கண்ணாடிகூடச் சரியாக இருக்கிறது. அயர்லாந்தின் 1600 மில்லிமீற்றர் பாதை இந்த அளவில் 21 ஆக வேண்டும். கடைத் தண்டவாளமோ 16.5. எனக்கு அது உறுத்தவில்லை. விலைதான் உறுத்துகிறது. யூரோவில் கேட்கிறார்கள், மேலே தபாற்செலவு, சுங்க வரி. 2022இல் ரூபாய் சரிந்தபின் ஒன்றை வாங்கவே மாதக்கணக்கில் சேமிக்க வேண்டியிருக்கிறது. அது இழுக்கும் பெட்டிகளை அடுத்த வருஷம்தான் பார்க்க வேண்டும்.