ஒரு கிளிக், இருபது விநாடி

ஸ்கோப்பின் டரெட் குமிழைத் திருப்பும்போது விரல் நுனியில் ‘டக்’ என்று ஒன்று தட்டுப்படுமே, கொடுத்த காசு அதற்கே சரியாகப் போயிற்று! காதுக்கு எட்டும் முன்னே விரலுக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு ‘டக்’குக்கும் குண்டு விழும் இடம் சொன்ன அளவுக்குத்தான் நகரும், ஒரு மயிரிழை கூடாது, குறையாது. ஏர் ரைபிளில் நல்ல ஸ்கோப்பை மாட்டி, குறியும் குண்டும் ஒன்றாகும்படி ஜீரோ செய்து முடிக்கிற வேலையைப் போல எனக்குப் பிடித்த வேலை வேறு இல்லை. சுடுவதைவிட அதுதான் பிடிக்கிறது.

என்னிடம் இருப்பது 4.5 மி.மீ. ஸ்பிரிங் ரைபிள். ஆற்றல் 20 ஜூலுக்குள் அடங்குவதால் 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவைப்படாத வகை. சுடும் இடம் வடக்குத்தில் சொந்தக்காரர் ஒருவரின் முந்திரித் தோப்பு. தோப்பின் மேற்கு ஓரத்தில் ஆளுயரத்துக்கும் மேலாகச் செம்மண் மேடு. அதற்குப் பின்னால் ஆள் நடமாட்டம் கிடையாது. அந்த மேட்டில் சாய்த்து வைத்த அட்டைதான் எங்கள் இலக்கு. மயில், கிளி, அணில் எதன் பக்கமும் குழல் திரும்பாது. 1972 வனவிலங்குச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அட்டையில் கிடைக்கும் சுகத்துக்கு முன்னால் அதெல்லாம் எதற்கு?

ஸ்பிரிங் ரைபிளுக்கு என்றே உறுதியாகச் செய்த ஸ்கோப்தான் வாங்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். வெடிமருந்துத் துப்பாக்கி பின்னுக்கு ஒரு முறை உதைக்கும். ஸ்பிரிங் ரைபிள் பின்னுக்கு உதைத்து, உள்ளே பிஸ்டன் போய் முட்டியதும் முன்னுக்கும் ஒரு முறை எகிறும். அந்த எதிர் உதையைத் தாங்காமல் விலை உயர்ந்த ஸ்கோப்கள்கூட உள்ளே கண்ணாடி ஆடிப் போய்விடும். உதைக்க உதைக்க ஸ்கோப் பின்னால் நகர்ந்துகொண்டே வரும் என்பதால், மவுண்டில் இருக்கும் தடுப்பு ஊசி ரைபிளின் குழியில் உட்கார்ந்திருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது குறுக்குக் கம்பியை நேராக நிறுத்துவது. எனக்குத் திகட்டாத பகுதி இது. ரைபிளை மணல் மூட்டைமேல் கிடத்தி, ரசமட்டம் வைத்துச் சமப்படுத்திக்கொள்வேன். இலக்கு இருக்கும் பக்கத்து முந்திரிக் கிளையில் கொத்தனாரின் தூக்குக்குண்டு தொங்கும். ஸ்கோப் வழியே அந்த நூலைப் பார்த்து, செங்குத்துக் கம்பி அதன்மேல் அப்படியே ஒட்டிப் படியும்வரை ஸ்கோப்பை ரிங்குக்குள் மெல்ல உருட்ட வேண்டும். கம்பி கொஞ்சம் சாய்ந்திருந்தால் பக்கத்தில் தெரியாது; தூரம் கூடி டரெட்டை ஏற்ற ஏற்றக் குண்டு பக்கவாட்டில் ஒதுங்கத் தொடங்கும். கம்பியும் நூலும் ஒன்றாகி நூலே மறைந்துபோகிற அந்த இடம் வரும்போது மூச்சே நின்றுவிடும்! பிறகு ரிங் திருகுகளை முடுக்குவது. அனல்மின் நிலையத்தில் ஃபிட்டராக இருந்த என் மச்சான்தான் இந்த வேலைக்கு. பிளாஞ்ச் போல்ட் முடுக்குகிற அதே ஒழுங்கில் எதிரெதிர்த் திருகாக, ஒவ்வொன்றிலும் கால் சுற்று, கால் சுற்று. “ஒரே பக்கமா முடுக்கினா நீ நிமித்தி வச்ச கம்பி சாஞ்சுடும் மாப்ளே” என்பார். உண்மைதான்.

சுரங்கத்தில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்களோடு தோப்புக்கு வருவார். ஸ்கோப்பை வாங்கியதும் இலக்கைப் பார்க்கவில்லை அவர், வானத்தைப் பார்த்தார். “முதல்ல கண்ணாடிப் பக்கத்தைத் திருப்பிக் கம்பியைக் கறுப்பா, கூர்மையா ஆக்கு தம்பி. அப்புறம்தான் தூரம்” என்றார். தியோடலைட்டில் நாற்பது வருஷம் செய்த பழக்கம். கண்ணருகே உள்ள வளையம் கம்பிக்கு, முன்பக்க வளையம் தூரத்துக்கு. இரண்டையும் அந்த வரிசையில் சரிசெய்தால், கண்ணை லேசாக ஆட்டினாலும் கம்பி இலக்கின்மேல் ஆடாமல் நிற்கும். ஆடினால் அது பாரலாக்ஸ். பல வேட்டை ஸ்கோப்கள் 100 கஜத்துக்குப் பாரலாக்ஸ் வைத்து வருபவை. 10, 25 மீட்டரில் சுடும் நமக்கு முன்வளையம் திரும்பும் ஸ்கோப் இருந்தே ஆக வேண்டும்.

அவர்தான் கிளிக்கின் கோணக் கணக்கையும் போட்டார். என் டரெட்டில் ஒரு கிளிக் 0.1 மில், அதாவது 100 மீட்டரில் 1 செ.மீ. அவர் மண்ணில் குச்சியால் எழுதிப் பார்த்துவிட்டு, “இது இருபது விநாடி கோணம்பா! எங்க பழைய வெர்னியர் தியோடலைட்டோட லீஸ்ட் கவுன்ட்டும் இருபது விநாடிதான்” என்று துள்ளிவிட்டார். பிரம்மாண்டமான திறந்தவெளிச் சுரங்கத்தில் படிக்கட்டுப் படிக்கட்டாய் மண்ணை அளந்தவர்கள் கண்ணால் பிரித்துப் படித்த மிகச் சிறிய கோணம், இங்கே ஒரு குமிழில் ‘டக்’ என்ற தட்டாக உட்கார்ந்திருக்கிறது! அன்றிலிருந்து டரெட்டைத் தொடும்போதெல்லாம் எனக்குப் பெருமைதான்.

மில் கணக்கு எவ்வளவு சுலபம் பாருங்கள். 10 மீட்டரில் ஒரு கிளிக் 1 மி.மீ. 25 மீட்டரில் 2.5 மி.மீ. ஸ்கேலும் மனக்கணக்கும் போதும். முதலில் 10 மீட்டரில் அட்டையை வைத்து, டரெட்டுகளை அவற்றின் மொத்தச் சுற்றில் நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டுச் சுடுவேன். குண்டு 3 செ.மீ. இடப்பக்கம் விழுந்தால் பக்க டரெட்டில் வலப்பக்கமாக 30 கிளிக். அடுத்த குண்டு நேர்கோட்டில் வந்து நிற்கும். உயரத்தை மட்டும் இங்கே முழுதாகத் திருத்துவதில்லை. ஸ்கோப் குழலுக்கு மேலே நாலரை செ.மீ. உயரத்தில் இருக்கிறது, குண்டோ கிளம்பியதிலிருந்து விழுந்துகொண்டே போகிறது. ஆகவே 25 மீட்டருக்கு ஜீரோ வைக்கும் என் ரைபிளில், 10 மீட்டரில் குண்டு மையத்துக்கு ஒரு செ.மீ. அளவு கீழே விழுவதுதான் சரி.

பிறகு 25 மீட்டர். இங்கே அவசரமே கூடாது. ஐந்து குண்டு சுட்டு, அந்தக் கூட்டத்தின் நடுவைப் பார்த்துத்தான் திருத்த வேண்டும். ஒற்றைக் குண்டின் பின்னால் ஓடினால் டரெட் இங்கும் அங்கும் அலையும். முன்கையை இறுக்காமல் உள்ளங்கையில் ரைபிளைச் சும்மா ஏந்திக்கொண்டால், ஒவ்வொரு முறையும் அது ஒரே மாதிரி உதைக்கும். நேரம் காலை வேளை. மதியத்தில் கடலூர்ப் பக்கத்திலிருந்து கடற்காற்று ஏறிவிட்டால், அரை கிராம் எடையுள்ள பெல்லட் அதன் பேச்சைத்தான் கேட்கும்.

அபினவ் பிந்த்ராவை நினைத்துக்கொள்வேன். 2008 ஆகஸ்டில் பெய்ஜிங் இறுதிச் சுற்று தொடங்கும் முன் சுட்டுப் பார்த்த குண்டு 4-இல் போய் விழுந்தது. 10.9 வரை எண்ணும் விளையாட்டில் 4! அவர் ரைபிளில் ஸ்கோப் கிடையாது. 10 மீட்டர் போட்டியில் அதற்கு அனுமதியில்லை, துளை வழியே பார்க்கும் சைட்தான். அதிலும் இதே மாதிரி கிளிக் குமிழ்கள். நிதானமாகத் திருப்பி, மையத்துக்குக் கொண்டுவந்து, 700.5 புள்ளிகளோடு தங்கம் வென்றார். இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் அது. கிளிக்கை நம்பத் தெரிந்த மனிதர்! எங்கள் மாவட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கிய இளவேனில் வாலறிவன் 1999-இல் கடலூரில் பிறந்தவர், அகமதாபாத்தில் வளர்ந்தவர். அவர் குறிவைக்கும் அட்டையில் பத்தாம் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர்.

ஜீரோ கிடைத்ததும் டரெட்டின் மூடித் திருகைத் தளர்த்தி, உள்ளே எதையும் அசைக்காமல் மூடியை மட்டும் சுழற்றி 0 கோட்டில் நிறுத்தி முடுக்குவேன். அதன்பின் பெட்டிச் சோதனை. மையத்தையே குறிபார்த்து ஒரு குண்டு. 20 கிளிக் மேலே, ஒரு குண்டு. 20 வலம், ஒரு குண்டு. 20 கீழே, ஒரு குண்டு. 20 இடம், கடைசிக் குண்டு. அட்டையில் 5 செ.மீ. சதுரம் விழும், கடைசிக் குண்டு முதல் ஓட்டையை உரசிக்கொண்டு போகும். இதைப் பார்த்ததும் மச்சான் அட்டையைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது டரெட்டைச் சுற்றி வெள்ளை டேப் ஒட்டி, ஒவ்வொரு தூரத்தையும் சுட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிறேன். 30 முடிந்தது. 35 மீட்டருக்கு ஜீரோவிலிருந்து 10 கிளிக் ஏற்றினால் மையம். 40 மீட்டருக்குத் தோப்பில் இரண்டு கிளைகள் குறுக்கே நிற்கின்றன. முந்திரிப் பருவம் முடிந்து சொந்தக்காரர் அவற்றைக் கழிக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.