விவரணப்படமா, விடுகதையா?

நிகழ்ந்த கொலைகளை விவரணத் தொடர்களாக்கிப் பகுதி பகுதியாக வெளியிடுவது இன்று பெருந் தொழிலாக வளர்ந்துள்ளது. துப்பறியும் கதைகளில் பொழுதைப் போக்கியோர் உண்மைச் சம்பவங்களை நாடுவது நன்மைக்கே அல்லவா என்று நண்பர் சிலர் வினவுகின்றனர். சம்பவம் உண்மையானது என்பதனால் மட்டும் ஒரு படைப்பு யதார்த்தமாகிவிடாது என்பதே எமது விடை. சம்பவத்தின் பின்னுள்ள சமுதாய உறவுகளையும் அது காட்டுதல் வேண்டும். இவ்வகையில் பெரிதும் போற்றப்படும் தொடரொன்றையே எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

2015 டிசம்பரில் நெட்பிளிக்ஸ் வெளியிட்ட ‘மேக்கிங் எ மேர்டரர்’ பத்துப் பகுதிகளைக் கொண்டது. லோரா ரிச்சியார்டி, மொய்ரா டெமொஸ் ஆகிய இருவரும் பத்தாண்டு காலம் உழைத்து அதனை ஆக்கினர். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலே பழைய கார்களை உடைத்து விற்கும் குடும்பத்தவரான ஸ்டீவன் ஏவரி, தாம் செய்யாத குற்றத்துக்காக 18 ஆண்டுகள் சிறையிலிருந்து, டி.என்.ஏ. பரிசோதனையினால் 2003இல் விடுதலை பெற்றார். 36 மில்லியன் டொலர் நட்டஈடு கோரி அவர் தொடுத்த வழக்கு நடந்துகொண்டிருக்கையில், 2005இல், 25 வயதுப் பெண் புகைப்படக் கலைஞர் ஒருவரைக் கொன்றதாகக் கைது செய்யப்பட்டார். நட்டஈட்டு வழக்கை 400,000 டொலருக்கு முடித்துக்கொண்டு, அப்பணத்தைக் கொண்டே சட்டத்தரணிகளை அமர்த்தினார். 2007இல் அவருக்கு ஆயுட்சிறை விதிக்கப்பட்டது.

இத்தொடரின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஏவரியின் சகோதரியின் மகனான பதினாறு வயதுச் சிறுவனை, சட்டத்தரணியோ பெற்றோரோ அருகில் இல்லாத வேளையில் வினவி வாக்குமூலம் பெறும் காட்சியைக் கண்டோர் எளிதில் மறவார். வறியவனுக்குச் சட்டம் எவ்வாறு தோன்றுகிறது என்பதை அக்காட்சி தெளிவாக உணர்த்துகின்றது.

எனினும், தான் தொட்ட கேள்வியைத் தொடரே கைவிட்டு விடுகின்றது. ஒவ்வொரு பகுதியும் அடுத்த பகுதிக்கு ஏங்க வைக்கும் மர்மத்துடன் முடிகின்றது. கொன்றது அவர்தானா, அல்லரா என்ற விடுகதை ஏனைய யாவற்றையும் விழுங்குகின்றது. கொலையுண்ட பெண்ணின் காரின் முன்மூடித் தாழில் ஏவரியின் டி.என்.ஏ. இருந்ததாக அரச தரப்பு முன்வைத்த சாட்சியம் அப்பத்துப் பகுதிகளில் இடம்பெறவில்லை. அப்பெண்ணின் குடும்பத்தினர் தொடரில் பங்குகொள்ளவில்லை. இதனால் அவர் கதையைத் தொடக்கிவைக்கும் காரணமாகவே நின்றுவிடுகின்றார்.

இதன் விளைவு யாது? சில வாரங்களுக்குள் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர், மன்னிப்பு வழங்குமாறு அமெரிக்க ஜனாதிபதியை வேண்டிக் கையொப்பமிட்டனர். மாநில நீதிமன்றம் விதித்த தண்டனையை மன்னிக்கும் அதிகாரம் ஜனாதிபதிக்கு இல்லை என வெள்ளை மாளிகை 2016 ஜனவரியில் பதிலளித்தது. நீதித்துறை பற்றிய பத்துப் பகுதிகளைப் பார்த்தோர், எவரிடம் நியாயம் கேட்பது என்பதைக்கூட அறியாதிருந்தனர்! அச்சிறுவனின் மேன்முறையீட்டை விசாரிக்க 2018இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் மறுத்தபோது, முன்னைய ஆரவாரத்தில் பெரும்பகுதி அடங்கியிருந்தது.

பரபரப்பின் தேவை உண்மையையே வளைப்பதும் உண்டு. 2015இல் எச்.பி.ஓ. ஒளிபரப்பிய ‘த ஜிங்க்ஸ்’ தொடரில், நியூயோர்க்கின் கட்டடச் செல்வக் குடும்பமொன்றின் வாரிசான றொபேர்ட் டேர்ஸ்ட், தாம் என்ன செய்தோம் எனத் தம்மையே கேட்டு, எல்லோரையும் கொன்றதாகத் தாமே விடை கூறுவது போல இறுதிக் காட்சி அமைந்தது. அவ்வாக்கியங்கள் வேறு ஒழுங்கில், இடைவெளியுடன் பேசப்பட்டவை என்பது 2019இல் நீதிமன்றப் பத்திரங்கள் மூலம் வெளியாயிற்று. 2021இல் அவர் கொலைக் குற்றவாளியெனக் காணப்பட்டார் என்பது உண்மையே. ஆயினும் முடிவு சரியாயிருப்பதனால் முறை நேர்மையானதாகிவிடாது.

இத்துறையில் நல்ல படைப்பே இயலாது என நாம் கூறவில்லை. எரல் மொரிஸ் 1988இல் வெளியிட்ட ‘த தின் புளூ லைன்’, டெக்சாஸில் பொலிஸ்காரர் ஒருவரைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட ஒருவரின் வழக்கை ஆராய்ந்தது. சாட்சிகளின் கூற்றுக்களை ஒன்றோடொன்று மோதவிட்டு, பொய்ச் சாட்சியம் உருவாகும் விதத்தை அது காட்டிற்று. மறு ஆண்டிலேயே அம்மனிதர் விடுதலையானார்.

ஆசிரிய நண்பர்கள் மாணவரோடு இத்தகைய தொடர்களைப் பார்ப்பார்களாயின், கொன்றவர் யார் என்ற வாதத்தோடு நின்றுவிடாதிருக்கட்டும். அந்தப் பதினாறு வயதுச் சிறுவனின் அருகில் அன்று ஏன் ஒரு சட்டத்தரணி இருக்கவில்லை என்ற கேள்வியையும் எழுப்பட்டும்.