மேலிருந்து பார்ப்பவர்

அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் (1882–1967) 1921-இல் செய்த ‘இரவு நிழல்கள்’ என்ற எச்சிங் படத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: பெருநகரம், நள்ளிரவு, துணையற்ற மனிதன். நானும் நெடுங்காலம் அப்படித்தான் நம்பியிருந்தேன். ரிச்சர்ட்ஸ் டவுனில் மூன்றாம் மாடிக்குக் குடிவந்த பிறகு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

படம் ஒரு நோட்டுப் பக்க அளவுதான். ஏறத்தாழ 17 செ.மீ. உயரம், 21 செ.மீ. அகலம். உயரத்திலிருந்து குனிந்து பார்த்த தெருமுனை. தொப்பி அணிந்த ஒருவன் நடக்கிறான். வழியின் குறுக்கே கம்பம் ஒன்றின் நீண்ட நிழல். கம்பம் படத்தில் இல்லை. (அந்த நிழல் எனக்குச் சற்று மிகையாகவே படுகிறது; பின்னாளில் வந்த துப்பறியும் சினிமாவின் வாசனை!) செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இட்டால் கீறிய இடம் மட்டும் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் தங்கும் மைதான் ஈரத்தாளில் ஏறுகிறது. ஆகவே இந்த இருட்டு முழுவதும் கோடு கோடாகக் கையால் இழைத்தது; வெளிச்சமோ ஓவியர் தொடாமல் விட்ட வெறும் தாள்.

அந்த மனிதனைக் கவனியுங்கள். நடையில் தயக்கம் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவன் போலத்தான் இருக்கிறான். தனியாக இருப்பவர், அந்நேரத்தில் தூக்கம் வராமல் மேலே நின்று பார்ப்பவர். ஹாப்பர் அவரை வரையவில்லை. நம்மையே அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். 1924-இல் ‘நியூ ரிபப்ளிக்’ இதழ் தன் சந்தாதாரர்களுக்கென வெளியிட்ட ஆறு எச்சிங் படங்களின் தொகுப்பில் இதுவும் இருந்தது. எத்தனை வீடுகளில் எத்தனை பேர் அந்த இடத்தில் நின்றார்களோ!

ஊரிலிருந்து அம்மாவை அழைத்து வந்த புதிதில், இரவு பதினொரு மணிக்கும் பால்கனியில் நிற்பார். கடையைச் சாத்திவிட்டு ரிச்சர்ட்ஸ் பூங்காப் பக்கம் போகும் யாரையாவது காட்டி, “பாவம், ஒத்தையாப் போறான் பாரு” என்பார். “அவரு வீட்டுக்குத்தாம்மா போறாரு, நீங்க வந்து படுங்க” என்று சொல்லிவிட்டு நான் கம்ப்யூட்டருக்குத் திரும்பிவிடுவேன். இந்தப் பக்கம் தமிழுக்குப் பஞ்சமில்லை; காய்கறி வண்டிக்காரர்கூடத் தமிழ்தான். கீழே இறங்கினால் பேச்சுத்துணை உண்டு. முழங்கால் வலியோடு மூன்று மாடி இறங்க அவரால் முடியவில்லை. எனக்கு அது உறைக்கவும் இல்லை.

இரண்டே மாதத்தில் அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டார். அங்கே திண்ணை தெருவை ஒட்டி இருக்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போகிறார்கள்.