பதினைந்தாம் சுற்று

முகம்மது அலியும் கென் நோட்டனும் மும்முறை மோதினர். 1973 மார்ச் 31இல் சான் டியேகோவிலும் அதே ஆண்டு செப்டெம்பர் 10இல் இங்கிள்வூட்டிலும் பன்னிரண்டு சுற்றுக்கள். 1976 செப்டெம்பர் 28இல் நியூயோர்க் யாங்கி அரங்கில் பதினைந்து. இம்முப்பத்தொன்பது சுற்றுக்களிலும் எவரும் மற்றவரை வீழ்த்தி ஆட்டத்தை முடித்தாரில்லை. மூன்று முடிவுகளும் நடுவர்தம் தாள்களிலேயே எழுதப்பட்டன. அலியின் தாடை முறிந்த முதலாவது ஆட்டம் நோட்டனுக்கும், இரண்டாவது அலிக்கும் பிளவுபட்ட தீர்ப்பாகவே கிடைத்தன.

மூன்றாவதே இன்றுவரை வழக்காக நிற்பது. நடுவர் இருவர் எட்டுக்கு ஏழு எனவும், மத்தியஸ்தர் ஆதர் மேர்க்கன்டி எட்டுக்கு ஆறு, ஒன்று சமம் எனவும் அலிக்கே வழங்கினர். ஏகமனதான தீர்ப்பு என்று பதிவேடு கூறும். ஆயின், பதினான்கு சுற்றுக்கள் முடிந்தபொழுது அவ்விரு நடுவரின் தாள்களும் ஏழுக்கு ஏழு என நின்றமை ஈண்டு நோக்கற்பாலது. உலகப் பட்டம் இறுதி மூன்று நிமிடங்களிலே தங்கியிருந்தது. தாம் முன்னணியில் இருப்பதாக நம்பிய நோட்டன் துணிந்து முன்செல்லவில்லை. அச்சுற்று அலிக்கே என்பதில் மூவரும் உடன்பட்டனர்.

1980இல் சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சியாட்டம் ஆடியவர் அலி. நம்மவர் பலருக்கு அவர் பாதி உறவினர். எனக்கும் அப்பற்று உண்டு. ஆதலால் இத்தீர்ப்பை நியாயப்படுத்தவே முதலில் முனைந்தேன். அதற்கு இடமும் உண்டு. அன்றைய நியூயோர்க் முறையில் சுற்றுக்களே எண்ணப்பட்டன. ஒரு சுற்றைப் பெரு வித்தியாசத்தில் வென்றாலும் மயிரிழையில் வென்றாலும் கணக்கு ஒன்றே. பார்வையாளனோ ஆட்டம் முழுவதையும் ஒருசேர நிறுத்து, வலிய குத்துக்கள் நோட்டனுடையவை என்ற எண்ணத்தோடு எழுந்து செல்கிறான். 'கொள்ளை' என்று கூவுவோர் இவ்விரு தராசுகளையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

ஆயினும் மயிரிழைச் சுற்றுக்கள் எவ்வாறு தீர்க்கப்பட்டன? சுற்றின் பெரும்பகுதியை ஓய்ந்து கழித்து, கடைசி அரை நிமிடத்தில் குத்துமழை பொழிவது அலியின் பழைய தந்திரம். கைகளைக் குறுக்காகக் கோத்துக் காக்கும் நோட்டனிடம் அவற்றுட் பல முன்கையிலே பட்டுச் சிதறின. அரங்கின் ஆரவாரம் மட்டும் சிதறவில்லை. போதாக்குறைக்கு, பட்டம் கொள்ள வருபவன் ஐயந்திரிபற வெல்லவேண்டும் என்றோர் எழுதா விதியும் பேசப்படுகிறது. மாத்தளையில் பாடசாலைப் பேச்சுப் போட்டி மேடையேறியோர் இதனை அறிவர்: சென்ற ஆண்டு முதற்பரிசு பெற்றவன் இடையில் நின்றால் அது 'நிறுத்தற்குறி', புதியவன் நின்றால் அது மறதி.

நோட்டன் எவ்வரங்கிலும் உலகப் பட்டத்தை வென்றாரல்லர். 1978இல் உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் அதனை அவருக்குக் காகிதத்திலே வழங்கியது. அவ்வாண்டு ஜூன் 9இல் லறி ஹோம்ஸிடம் பிளவுபட்ட தீர்ப்பில் அதனை இழந்தார். மூன்று தாள்களிலும் வித்தியாசம் ஒரேயொரு புள்ளி.

என் குறை நடுவரின் நேர்மை பற்றியதன்று, துணிவு பற்றியது. சமமான சுற்றைச் சமம் என எழுதும் உரிமை அவர்களுக்கிருந்தது. மேர்க்கன்டி ஒருமுறை அதனைப் பயன்படுத்தினார். மற்றிருவர் பதினைந்து சுற்றுக்களில் ஒன்றிலேனும் பயன்படுத்தவில்லை. ஆட்டமே சமன் என்று முடிந்திருப்பினும் பட்டம் அலியிடமே இருந்திருக்கும், நோட்டன் தோற்றவராகியிரார்.