கேள்வி பிறந்த களம்

பண்டைக் கிரேக்கத் தத்துவஞானிகள் தம் சமுதாயத்தையும் அரசையும் கேள்விக்குள்ளாக்கியது ஏன்? அவ்வினத்தின் பிறவி மேதையே காரணம் என்பார் சிலர். அடிமை உழைப்பு அவர்க்களித்த ஓய்வே காரணம் என்பார் வேறு சிலர். முன்னது விளக்கமன்று, வெறும் வியப்பு. பின்னது பாதி உண்மை. ஓய்வு சிந்திக்க நேரந் தரும். எதைச் சிந்திப்பதென்று சொல்லித் தராது.

விடையை ஏதென்ஸ் நகரின் வரலாற்றிலே தேடுதல் வேண்டும். கி.மு. 594இல் சோலன், கடன்பட்டோரை அடிமையாக்கும் வழக்கத்தை ஒழித்தார். 508இல் கிளைஸ்தனிஸ், பழைய குலப் பிரிவுகளின் அரசியல் வலிமையைக் குலைத்து, வாழிடத்தை அடிப்படையாகக் கொண்டு குடிமக்களைப் பத்துப் பிரிவினராக வகுத்தார். 462இல் எபியால்ட்டீஸ், உயர்குடியினரின் அரியோபாகஸ் மன்றத்தின் அதிகாரத்தைக் குறைத்தார். முன்னோர் விதித்ததென எண்ணப்பட்ட அமைப்பு மனிதர் கையால் மாற்றப்படுவதை மக்கள் கண்ணாரக் கண்டனர். கண்ட பின்னரே, சட்டம் இயற்கையின் விதியா, மனிதர் வகுத்த ஏற்பாடா என்னும் வினா கூர்மை பெற்றது. சோபிஸ்டுகள் அதனை நகருக்கு நகர் எடுத்துச் சென்றனர்.

431இல் மூண்ட பெலப்பொனீசியப் போர் அவ்வினாவை இரத்தத்தில் தோய்த்தது. 416இல் மக்களாட்சி ஏதென்ஸ், பணிய மறுத்த மீலோஸ் தீவின் ஆடவரைக் கொன்று, பெண்டிரையும் பிள்ளைகளையும் அடிமைகளாக்கியது. 404இல் முப்பதின்மரின் கொடுங்கோன்மை. அது வீழ்ந்தபின், 399இல், மீண்டுவந்த மக்களாட்சியின் நீதிமன்றிலே சோக்கிரட்டீசுக்கு நஞ்சு.

எனினும் கேட்டோர் அனைவரும் ஓரிடத்தில் நின்று கேட்டாரல்லர். முப்பதின்மருள் ஒருவரான கிரிட்டியாஸ், பிளேட்டோவின் தாய்வழி உறவினர். ஆசானைக் கொன்ற மக்களாட்சியைப் பிளேட்டோ மேலிருந்தே நோக்கினார். ஆகவே அவரது ‘குடியரசு’ ஆட்சியை ஞானியர் சிலரிடம் ஒப்படைக்கிறது. கேள்வி ஆழமானது; விடையோ உயர்குடியினது.

அடிமை முறை மனிதர் வகுத்த சட்டமேயன்றி இயற்கையன்று என்று கூறியோரும் அக்காலத்தில் இருந்தனர். அரிஸ்டோட்டில் தமது ‘அரசியல்’ நூலில் அவர்களைப் பெயர் சுட்டாது குறிப்பிட்டு, இயற்கையாலேயே அடிமையானோர் உளரென வாதிடுகிறார். லோரியன் வெள்ளிச் சுரங்கங்களில் உழன்ற அடிமைகள் எழுதிய நூல் எதுவும் நமக்குக் கிட்டவில்லை.

எனவே, கிரேக்கச் சிந்தனையைப் போற்றும்போது அது கேட்ட வினாக்களோடு நாம் நின்றுவிடலாகாது. எந்த வினா மறுப்புரையின் ஓரத்திலே பெயரின்றி ஒதுக்கப்பட்டது என்பதையும் தேடிப் படித்தல் நமது கடன்.