வீட்டுத்தோட்டக் கவிதைகளில் விடுபட்டது

2022இன் உணவு நெருக்கடியை அடுத்து நமது கவிஞர்கள் சிலர் வீட்டுத்தோட்டத்தைப் பாடினர். கீரைப்பாத்தியும் மரவள்ளியும் கவிதைக்குள் வந்தமை வரவேற்கத்தக்கதே. எனினும் ஒரு குறை உறுத்துகின்றது. பாத்தி இருக்கிறது, அதை வெட்ட நேர்ந்த காரணம் இல்லை.

2021 மே மாதம் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை வர்த்தமானி மூலம் தடை செய்தது. சேதனப் பசளை போதியளவு கிடைக்குமுன்பே பெரும்போகம் வந்துவிட்டது. கமக்காரர்கள் வீதியில் இறங்கிப் போராடினர். நவம்பரில் அரசு பின்வாங்கியது. ஆயினும் அப்போகத்தின் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. 2022 ஜூனில் அதே அரசு, எரிபொருள் தட்டுப்பாட்டையும் காரணங்காட்டி, அரச ஊழியர்க்கு வெள்ளிக்கிழமை விடுமுறை தந்து வீட்டில் பயிரிடச் சொன்னது.

வயலில் பறித்ததை வளவில் தேடச் சொன்ன இம்முரணே கவிதைக்குரிய கரு. அதைத் தவறவிட்டுத் தன்னிறைவை மட்டும் புகழும் கவிதை சுற்றுநிருபத்தின் எதிரொலியாகிவிடுகின்றது. எதை, எப்போது, எப்படி விதைப்பது என்ற முடிவில் விதைப்பவனுக்கும் பங்கிருப்பதே தன்னிறைவு. கமக்காரர் வீதியில் கேட்டதும் அதுதான். மண்ணைப் பாடுவோர் அக்குரலையும் பாடவேண்டும்.