ஞாயிற்றுக்கிழமை யாருக்கு?

தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடற்கரையிலுள்ள கத்தோலிக்க மீனவ ஊர்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகும் வழக்கம் இல்லை. வெளியூர்க்காரர்கள் இதைப் பக்தி என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். பக்திதான்; ஆனால் அந்தப் பக்தி எதன்மேல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஒருவர் மட்டும் வள்ளத்தைக் கரையில் போட்டுவிட்டுத் திருப்பலிக்குப் போனால் அன்றைய பாடு அவருக்குப் போயிற்று. அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய மீன் பக்கத்து வீட்டுக்காரர் வலையில் விழும். ஊரே நிற்கும்போது இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. கடன் வாங்கி இன்ஜின் போட்டவரும் நிற்கிறார், அவரிடம் கூலிக்குப் போகிறவரும் நிற்கிறார். கூலிக்காரர் தனியாகத் துணிந்து ‘இன்றைக்கு வரமாட்டேன்’ என்று சொல்ல வேண்டிய நிலை இல்லை. கடலுக்கும் ஒரு நாள் மிஞ்சுகிறது.

கிறிஸ்தவ ஓய்வுநாள் ஆசரிப்பின் பலம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். ஓய்வைத் தனிமனித ஒழுக்கமாக மட்டும் வைத்திருந்தால் அது வசதியுள்ளவர்களுக்கே கைகூடும். ஊர்க் கட்டுப்பாடாக மாறும்போதுதான் அது ஏழைக்கும் எட்டுகிறது.

கடற்கரையைவிட்டு உள்ளே வந்தால் நிலைமை வேறு. நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் வட்டாரங்களில் 19ஆம் நூற்றாண்டில் புராட்டஸ்டண்ட் சபைகளை நிரப்பியவர்களில் பெரும்பகுதி பனையேறிகள். பனைக்கு ஞாயிறு தெரியாது. பதநீர்ப் பருவத்தில் பாளையை நாள் தவறாமல் சீவ வேண்டும். விட்டால் சீவிய முகம் காய்ந்து ஊறல் நின்றுபோகும். இறக்கிய பதநீரை உடனே காய்ச்சாவிட்டால் புளித்துவிடும். காய்ச்சும் வேலை பெண்களுடையது. ‘வேலை செய்யாதே’ என்ற கட்டளையை எழுத்துப்படி கைக்கொள்ள வேண்டுமானால் பருவத்தின் பிழைப்பையே விட வேண்டியிருக்கும். பிரசங்க பீடத்தில் நின்று ஓய்வைப் பற்றிப் பேசியவருக்கு மாதச் சம்பளம் உண்டு. கேட்டுக்கொண்டிருந்தவருக்கு மரம்தான் உண்டு.

ஆனாலும் அந்த நாள் அந்த மக்களுக்குக் கொடுத்ததைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பல ஊர்களில் இந்துக் கோயிலுக்குள் நுழையும் உரிமைகூட இல்லாதவர்கள், வாரம் ஒருமுறை வெளுத்த துணி உடுத்தி, தங்கள் கோயில் என்று சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரு கட்டடத்தில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்புவித்தார்கள். வேலைக்காரன் என்ற பெயர் ஒரு காலைப்பொழுதுக்காவது கழன்று விழுந்தது. அந்த நாளின்மேல் யாருக்கு அதிகாரம் என்பதும் சும்மா விடப்படவில்லை. 1857இல் மிஷனரிகளிடமிருந்து பிரிந்த அருமைநாயகம் சட்டாம்பிள்ளை, நாசரேத்தை அடுத்த மூக்குப்பீறியில் தனிச் சபை கண்டார். அந்தச் சபை சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டது. வெள்ளைக்காரர் குறித்துக் கொடுத்த நாள் எங்களுக்கு வேண்டாம், வேதத்தில் உள்ளதை நாங்களே படித்துக்கொள்வோம் என்ற அறிவிப்பும் அதில் இருந்தது.

வேதத்தில் உள்ளதைப் படித்தால் இந்தக் கட்டளை இரண்டு இடங்களில், இரண்டு காரணங்களோடு வருவதைக் காணலாம். யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் காரணம் படைப்பு: கடவுள் ஆறு நாளில் உலகத்தைப் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்தார். உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் காரணம் அடிமைத்தனம்: நீ எகிப்தில் அடிமையாயிருந்தவன், ஆகையால் உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும். மாடும் கழுதையும் வாசலுக்குள் இருக்கும் அந்நியனும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆங்கிலிக்கன் வழிபாட்டு முறையில் வளர்ந்த சபைகளின் காதில் ஏறியது யாத்திராகம வடிவம். நற்கருணை ஆராதனையில் வாசிக்கப்பட்ட பத்துக் கட்டளைகள் அந்த வடிவத்தில்தான் இருந்தன. எகிப்தை நினைவுபடுத்தும் வடிவம் ஒதுங்கிப்போயிற்று. நம் ஓய்வுநாள் ஆசரிப்பின் குறைகளில் பாதி இந்த ஒதுக்கத்திலிருந்து வந்தவை என்பது என் துணிபு. கடவுள் ஓய்ந்ததை நினைக்கிறவர் தன் ஓய்வைப் பார்த்துக்கொள்கிறார்; எகிப்தை நினைக்கிறவர் தன்னிடம் வேலை செய்கிறவரைத் திரும்பிப் பார்க்கிறார். நம் வீடுகளில் ஞாயிறு மதியக் கறிக்குழம்புக்காக ஆராதனை முடிந்த கையோடு அடுப்படிக்கு ஓடுகிறவர் யார் என்று பார்த்தால் எந்த வடிவம் நமக்குள் இறங்கியிருக்கிறது என்பது தெரியும்.

தன் பரிசுத்தத்தை மட்டும் காத்துக்கொள்ளும் ஓய்வுநாள், நாளடைவில் விலக்குப் பட்டியலாகிவிடும். இங்கிலாந்தில் அது எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஜான் பனியன் தரும் சாட்சியைவிடக் கூர்மையானது கிடைப்பது அரிது. 1618இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு சில விளையாட்டுகளை அனுமதித்து ஆணை வெளியிட்டார், பியூரிட்டன்கள் கொதித்தார்கள். அந்தச் சண்டை ஓயாத காலத்தில் வளர்ந்தவர் பனியன். 1666இல் வெளியான தன்வரலாற்றில் அவர் எழுதுகிறார்: ஓய்வுநாளை மீறுவதைக் கண்டிக்கும் பிரசங்கத்தைக் காலையில் கேட்கிறார், மதியம் சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்குப் போய், நம் கிட்டிப்புள்ளைப் போன்ற ஒரு விளையாட்டில் இறங்குகிறார். ஒருமுறை அடித்துவிட்டு இரண்டாம் அடிக்குக் கை ஓங்கும்போது, பாவத்தை விடுகிறாயா நரகத்துக்குப் போகிறாயா என்று வானத்திலிருந்து ஒரு குரல் கேட்கிறது. அடுத்து நடந்ததுதான் முக்கியம். இனி மன்னிப்புக்கு நேரம் கடந்துவிட்டது, எப்படியும் நரகம்தான், அப்படியானால் விளையாடியே தீர்த்துவிடலாம் என்று அவர் ஆட்டத்துக்குத் திரும்புகிறார்.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஓய்வுக்கென்று கொடுத்த நாள் ஓர் இளைஞனுக்கு இளைப்பாறுதலைத் தரவில்லை, திகிலைத் தந்தது. அந்தத் திகிலாலும் அவனை விளையாட்டிலிருந்து விலக்க முடியவில்லை. நம் சபைகளின் விலக்குப் பட்டியலில் சினிமாவும் உண்டு. தியேட்டருக்குப் போனதற்காக வாலிபர் கூட்டத்தில் எல்லோர் முன்னும் கண்டிக்கப்பட்ட பையன்கள் எத்தனை பேர் இதே கணக்கைப் போட்டிருப்பார்கள்! கெட்டுப்போனவன் என்று பெயர் வாங்கியாயிற்று, இனி கோயிலுக்கு எதற்கு என்று விலகியவர்கள் எல்லாச் சேகரத்திலும் உண்டு.

கண்டிப்பான ஓய்வுநாள் இப்படித்தான் முடியும் என்று சொல்லவும் முடியாது. எரிக் லிடெல் என்ற ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வருகிறது என்பதால் அதில் ஓட மறுத்தார். 400 மீட்டரில் ஓடித் தங்கம் வென்றார். கதையின் இந்தப் பாதி உலகத்துக்குத் தெரியும். தெரிந்தது ஒரு சினிமாவால், 1981இல் வந்த ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படத்தால். (கப்பலேறும் வேளையில்தான் அவருக்கு அட்டவணை தெரிந்ததாகப் படம் காட்டும், உண்மையில் சில மாதங்கள் முன்பே தெரியும்.) மற்றப் பாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர் சீனாவுக்கு மிஷனரியாகப் போனார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அவரை வெய்ஷியன் முகாமில் அடைத்து வைத்தார்கள். அங்கே பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் பலர் இருந்தார்கள். ஞாயிறுகளில் விளையாட்டை நடத்த மறுத்த அவர், கேட்பாரற்று விளையாடிய பிள்ளைகள் சண்டையில் இறங்கியதும், தானே ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வந்து நடுவராக நின்றார் என்று முகாமில் உடனிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். தங்கப் பதக்கத்துக்காக வளையாதவர் பிள்ளைகளுக்காக வளைந்தார். இரண்டு செயலும் ஒரே பக்தியிலிருந்து வந்தவை. லூக்கா 13ஆம் அதிகாரத்தில், பதினெட்டு வருஷம் கூனியிருந்த பெண்ணை ஓய்வுநாளில் நிமிர்த்திய இயேசுவின் செயலோடு இதை வைத்துப் பார்க்கலாம். 1945 பிப்ரவரியில் லிடெல் அந்த முகாமிலேயே இறந்தார்.

சினிமாவை விலக்கும் தமிழ்ச் சபைகள், வெகுமக்கள் கலையை எப்போதும் இப்படி விலக்கியே வைத்திருந்தன என்று நினைப்பது பிழை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சி பாடினார். குறவஞ்சி அன்றைக்கு அரங்கிலும் தெருவிலும் மக்கள் கூட்டம் கூடிப் பார்த்த ஆட்டம். நொண்டி நாடகம் என்ற வடிவத்தையும் அவர் விடவில்லை. அந்த வடிவங்களின் சுவையை உள்ளிருந்து அறிந்தவர் என்பதால் எதைக் கொள்ளலாம், எதைத் தள்ளலாம் என்று அவரால் தீர்மானிக்க முடிந்தது. இன்று நிலைமை தலைகீழ். ‘உலகப்பாட்டு’ கூடாது என்று பிரசங்கத்தில் சொல்கிறோம். கன்வென்ஷன் மேடையில் சினிமா மெட்டின் சாயல் இல்லாத பாட்டைத் தேட வேண்டியிருக்கிறது. பார்க்கவில்லை என்று பாவித்துக்கொண்டு எடுத்துக்கொள்வதால், எடுத்ததைச் சோதிக்கும் பழக்கமும் இல்லை. தாளமும் பரபரப்பும் மேடை வெளிச்சமும் கேள்வியின்றி உள்ளே வந்துவிட்டன. விலக்கின் பெரிய தீமை இதுதான்: நல்ல படத்தை நல்லதென்று சொல்லவும் நமக்கு வாய் வராமல் போயிற்று.

2010இல் வசந்தபாலன் இயக்கிய ‘அங்காடித் தெரு’ வந்தபோது எத்தனை ஆலயங்களில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருப்பார்கள்? திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து சென்னை ரங்கநாதன் தெருத் துணிக்கடைக்கு வேலைக்கு வரும் பிள்ளைகளின் கதை அது. நாள் முழுவதும் நிற்கிறார்கள். அள்ளிப்போட்டுக்கொண்டு திரும்ப ஓட வேண்டிய சாப்பாடு. உடம்போடு உடம்பு இடித்துக்கொண்டு படுக்கிற கூடம். ஒரு நிமிடம் தாமதித்தால் சம்பளப் பிடித்தம். உபாகமம் 5ஆம் அதிகாரத்துக்கு இதைவிடத் தெளிவான உரையை அண்மைக் காலத் தமிழில் நான் பார்க்கவில்லை. எகிப்து எங்கே இருக்கிறது என்று முகவரியோடு காட்டிய படம். கடை ஊழியர் உட்கார இருக்கை வேண்டும் என்று தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது 2021இல். அதற்குப் பதினோரு ஆண்டு முன்பே, நின்றுகொண்டிருந்த அந்தக் கால்களைத் திரையில் பார்த்தவர்கள் பார்த்தார்கள். சினிமா பாவம் என்று வீட்டில் இருந்தவர்கள் பார்க்கவில்லை. கசப்பு என்னவென்றால், அந்தப் பிள்ளைகளில் கணிசமானோர் வந்த மாவட்டங்களில்தான் நம் சபைகள் அடர்ந்திருக்கின்றன.

எல்லாப் படமும் இப்படியல்ல என்பது உண்மைதான். பெண்ணைத் துரத்துவதைக் காதல் என்றும் வெட்டுவதை வீரம் என்றும் பழக்கிய படங்கள் ஏராளம். பழைய போதகர் ஐயர்மாரின் பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. ஆனால் அவர்கள் போட்ட வேலி தியேட்டர் வாசலில் நின்றது. இன்று வாசலே இல்லை. படத்துக்கு இடைவேளை உண்டு, முடிவு உண்டு. கைப்பேசியில் ஓடும் துண்டுக் காட்சிகளுக்கு முடிவு கிடையாது, ஒன்று தீர்வதற்குள் அடுத்தது வந்து நிற்கும். இங்கே பயன்படக்கூடியது நிறுத்தத் தெரிந்த பழக்கம் மட்டுமே. ஓய்வுநாள் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொடுத்தது அதைத்தான்: வேலை முடியாவிட்டாலும் பொழுது சாய்ந்தால் கையை எடுப்பது. லெந்து நாட்களில் சினிமா, தொலைக்காட்சி தவிர்க்கும் வழக்கத்தை நான் மதிப்பது இதற்காகவே. நாற்பது நாளில் ஞாயிறுகளைக் கணக்கில் சேர்க்காமல், அவற்றை மகிழ்ச்சியின் நாளாகவே வைத்திருந்த பழைய சபை மரபின் நுட்பமும் எனக்குப் பிடிக்கும்.

குடும்ப ஜெபம் இந்த இடத்தில் கைகொடுக்க முடியும். இரவு எல்லோரும் பாயில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு வசனம் முறைவைத்து வாசித்து, ஒரு கீர்த்தனை பாடி, முழங்காலில் நிற்பது நம் வீடுகளின் மிக அழகான வழக்கம். எழுத்துக்கூட்டி வாசிக்கும் சின்னப்பிள்ளைக்காகத் தாத்தா காத்திருப்பார். எந்தப் பள்ளியிலும் கிடைக்காத பொறுமை அது. ஆனால் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு ஜெபித்து, ஆமென் சொன்னதும் திரும்பப் போடுகிற வீட்டில் இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஜெபத்தில் பரீட்சை வரும், வேலை வரும், வியாதி வரும்; சற்று முன் பார்த்த காட்சி மட்டும் வராது. அது வரட்டும் என்கிறேன். படத்தில் அடிபட்டவளுக்காக ஒரு பிள்ளை ஜெபிக்குமானால், அடித்தவனைக் கதாநாயகன் என்று அது எளிதில் ஒப்புக்கொள்ளாது. கற்பனை மனிதருக்காக ஜெபிப்பதா என்று பெரியவர்கள் தயங்கலாம். நல்ல சமாரியனும் இயேசு சொன்ன கதையில்தான் இருக்கிறான்.

டிசம்பர் ஞாயிறுகளில் ஆராதனை முடிந்து குடும்பத்தோடு பண்டிகைத் துணி எடுக்கப் போகிறோம். எடுத்துப் போடுகிற பெண் நம் மாவட்டத்துக்காரியாக இருக்கலாம், நம் சபைப் பிள்ளையாகவே இருக்கலாம். அவளுக்கு அன்றைக்கு ஆராதனை இல்லை. துணியை வார நாளில் எடுப்போம் என்று சேகரக் கமிட்டி நவம்பரிலேயே ஓர் அறிவிப்பு வாசிக்கலாம். அவளுக்கு வாரத்தில் எந்த நாள் விடுமுறை, கடை அடைத்து எத்தனை மணிக்கு வெளியே வருகிறாள் என்று கேட்டு, அந்த நேரத்தில் அருகிலுள்ள ஆலயத்தில் ஒரு நற்கருணை ஆராதனை வைக்கலாம். செவ்வாய்க்கிழமை இரவு பத்து மணிக்கு யார் வருவார்கள் என்று கமிட்டியில் கேட்பார்கள். மாதந்தோறும் முழு இரவு ஜெபம் நடத்தத் தெரிந்த சபைகளுக்கு அது பெரிய காரியமல்ல.